எந்த லினக்ஸ் நம் வீட்டுக்கு?

இல்லமும் அறிவியலும்



இம்மாதம் நம் பகுதிக்கு வந்துள்ள மடல்களுள் ஒன்று, நம் பங்குகளில் உள்ள பல குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு கேள்வியைத் தாங்கி வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு குடும்பத் தலைவர். அவர் இல்லத்தில் இருப்பது ஒரே ஒரு மேசைக் கணிப்பொறி. வாங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகன் கல்லூரியில் கணிப்பொறியியல் பயில்கிறான். சர்வர்களைப் பராமரிக்கும் வேலைக்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ள விரும்புகிறான். இளைய மகளின் பள்ளிப் பாடங்கள், தாயாரின் தையல் தொழிலுக்கான வரவுசெலவுக் கணக்கு, தந்தையாரின் அன்பியக் கூட்ட அறிக்கைகள் ஆகிய அனைத்தும் அதே கணிப்பொறியில்தான் உள்ளன.

“விண்டோஸ் 10-க்கு இனிப் பாதுகாப்பு இல்லை என்கிறார்கள். இந்தப் பழைய கணிப்பொறியில் விண்டோஸ் 11 ஏறாது என்றும் சொல்கிறார்கள். கடைக்காரரோ, சிறு தொகை கொடுத்தால் எப்படியாவது ஏற்றித் தருவதாகக் கூறுகிறார். மகன் லினக்ஸ் போடலாம் என்கிறான். ஆனால் அவனுடைய நண்பர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்துகொள்வது?” என்பதே அவரது கேள்வி.

அவர் கேள்விப்பட்டது உண்மையே. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. தனிப்பட்ட பயனாளர்கள் சில நிபந்தனைகளின்பேரில் 2026 அக்டோபர்வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெறலாம் என்று அறிவித்ததேயன்றி, அதற்குமேல் அவர்களுக்கு உறுதி எதுவும் தரவில்லை. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதியும், ஏறத்தாழ 2018-க்குப் பிற்பட்ட பிராசசரும் வேண்டும். எனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணிப்பொறிகள் இன்று வழியற்று நிற்கின்றன. இந்நிலையில் லினக்ஸை நாடுவது தக்க வழியே. ஆயினும் எந்த லினக்ஸ் என்று தெளிந்த பின்னரே அதில் இறங்க வேண்டும்.

லினக்ஸ் என்பது யாது?

1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தார். அம்முயற்சிக்கு ‘குனூ’ என்று பெயரிட்டார். எட்டு ஆண்டுகளில் அதன் பெரும்பாலான பகுதிகள் உருவாகிவிட்டன. மையப்பகுதியான ‘கெர்னல்’ மட்டும் முற்றுப்பெறவில்லை. 1991 ஆகஸ்டில் ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஒரு கெர்னல் எழுதிவருவதாக உலகுக்குத் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. மறு ஆண்டே அதைக் குனூவின் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து உருவானதையே நாம் பொதுவாக லினக்ஸ் என்கிறோம். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இயங்குவதும் லினக்ஸ் கெர்னலே. உலகின் மிக விரைவான 500 மீக்கணிப்பொறிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன.

அப்படியானால் உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என்று ஏன் இத்தனை பெயர்கள்? கரூரில் பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளைப் பலரும் அறிவீர்கள். தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சட்டமும் மட்டுமே வருகின்றன. அதன்மேல் ஒருவர் நகரப் பேருந்து கட்டுகிறார். வேறொருவர் படுக்கை வசதியுள்ள நெடுந்தூரப் பேருந்து கட்டுகிறார். இன்னொருவர் பள்ளிப் பேருந்து கட்டுகிறார். எஞ்சின் ஒன்றே, பயன் வேறு. லினக்ஸ் கெர்னலும் இத்தகையதே. அதனோடு திரை அமைப்பு, எழுதும் செயலி, இணைய உலாவி, புதுப்பிக்கும் கருவி முதலியவற்றைச் சேர்த்து, சோதித்து, ஒரே தொகுப்பாக ஒரு குழுவினர் தருவதை ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்பர். தமிழில் ‘வழங்கல்’ என்று வழங்குகிறது.

வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், அவற்றுள் இரண்டு பெருங்குடும்பங்களை அறிந்துகொண்டால் நமக்குப் போதும். ஒன்று, 1993-இல் அயன் மர்டாக் தொடங்கிய டெபியன். 2004-இல் வெளிவந்த உபுண்டுவும், 2006-இல் வெளிவந்த லினக்ஸ் மின்ட்டும் இந்த வழியில் வந்தவை. மற்றொன்று, 1994-இல் முதல் வெளியீடு கண்ட ரெட் ஹேட். ஃபெடோரா, அல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மென்பொருளை நிறுவும் கட்டளைகளும் கோப்பு வகைகளும் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். ஒரே குடும்பத்துக்குள் அவை பெரும்பாலும் ஒத்திருக்கும்.

கடைக்காரர் சொன்ன வழி

மடலில் வந்த ஒரு செய்தியைக் கடந்து செல்ல மனமில்லை. “சிறு தொகைக்கு ஏற்றித் தருகிறேன்” என்பதன் பொருள் பெரும்பாலும் உரிமமில்லாத கள்ளப் பிரதி என்பதே. ஏழாம் கட்டளை களவை விலக்குகிறது. கண்ணுக்குப் புலப்படாத பொருளாயினும், பிறர் உழைப்பின் பயனை அவர் இசைவின்றி எடுத்துக்கொள்வது களவின்பாற்பட்டதே. நம் பிள்ளைகள் தேர்வில் பார்த்து எழுதினால் கண்டிக்கிறோம். அதே பிள்ளைகள் கள்ளப் பிரதியில் பாடம் படிக்குமாறு நாமே ஏற்பாடு செய்வது முறையன்று. இதில் நடைமுறை இடரும் உண்டு. கள்ளப் பிரதிகளோடு வேவு நிரல்கள் சேர்ந்து வருவது அரிதன்று. வங்கிக் கணக்கு எண்ணும் மறைசொல்லும் அடிக்கும் கணிப்பொறியில் அத்தகைய ஒன்று குடியிருப்பதை எவரும் விரும்பமாட்டார்.

லினக்ஸ் வழங்கல்களைப் படியெடுத்து உறவினருக்கும் அயலாருக்கும் கொடுப்பதில் இந்த மனவுறுத்தல் தேவையில்லை. அவ்வாறு கொடுப்பதை உரிமமே அனுமதிக்கிறது. எனினும் விலையில்லை என்பதால் அதன் பின்னே உழைப்பில்லை என்று எண்ணற்க. உலகெங்கும் பல்லாயிரவர் அதில் பாடுபட்டு வருகின்றனர். தமிழில் மொழிபெயர்த்தோரும் அவர்களுள் அடங்குவர். இயன்றபோது சிறு நன்கொடை அளிப்பதும், பிழை கண்டால் முறையாகத் தெரிவிப்பதும், மொழிபெயர்ப்பில் உதவுவதும் நாம் செய்யத்தக்க நன்றிக்கடன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

‘எது சிறந்த லினக்ஸ்?’ என்று கேட்டால் பத்து நண்பர்கள் பத்து விடை கூறுவர். பத்தும் ஒருவகையில் சரியாகவே இருக்கும். ‘இந்தக் கணிப்பொறியை நம்பி இருப்பவர் யார்?’ என்று கேட்டால் விடை எளிதாகும்.

மடல் எழுதிய அன்பரின் வீட்டில் அந்தக் கணிப்பொறியை நம்பி நால்வர் இருக்கின்றனர். தாயாரின் கணக்கு அழிந்தால் வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய தொகை எவ்வளவு என்பதே தெரியாமற் போகும். மகனுக்குத் தேவையோ வேறு. சர்வர்த் தொழில் கற்பவன் கட்டிப் பார்க்க வேண்டும். கெடுத்துப் பார்க்க வேண்டும். மீண்டும் சீராக்க வேண்டும். கெடுப்பதற்கு அஞ்சுபவன் அத்தொழிலைக் கற்க இயலாது. இவ்விரு தேவைகளையும் ஒரே நிறுவலில் நிறைவேற்ற முயல்வதே பல வீடுகளில் மனத்தாங்கலுக்குக் காரணமாகிறது. தேர்வுக்கு முந்தின இரவு கணிப்பொறி திறக்காமல் மகள் கலங்க, ‘புதிதாக ஒன்றைச் சோதித்தேன்’ என்று மகன் சொல்லும் நிலை வரலாகாது. ஆகவே வீட்டுக்கு நிலையான ஒரு லினக்ஸ். அதனுள்ளே, பயிற்சிக்குத் தனியாக வேறொரு லினக்ஸ். இஃது ஒரே கணிப்பொறியில் இயலுவதே. எவ்வாறு என்பதைப் பின்னர் விளக்குவோம்.

வீட்டுக்கு ஏற்றவை

விண்டோஸ் பழகிய குடும்பத்துக்கு முதலில் பரிந்துரைக்கத்தக்கது லினக்ஸ் மின்ட். அதன் ‘சினமன்’ திரையமைப்பில் கீழே பட்டையும் இடப்பக்கத்தில் பட்டியலும் இருப்பதால், பழகிய கைக்கு அது அயலாகத் தோன்றாது. 2 ஜி.பி. ரேமில் இயங்கும் எனினும், இடரின்றிப் பயன்படுத்த 4 ஜி.பி. வேண்டும். கணிப்பொறி மிகவும் மெதுவானதாயின் அதே மின்ட்டின் ‘எக்ஸ்.எஃப்.சி.ஈ.’ பதிப்பைத் தேர்ந்துகொள்ளலாம். 2024 ஜூலையில் வெளிவந்த மின்ட் 22 வரிசைக்கு 2029-வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. அதில் ‘டைம்ஷிஃப்ட்’ என்னும் கருவியும் உடன் வருகிறது. புதுப்பிப்பு ஏதேனும் தவறாகப் போனால், அமைப்பை முந்தைய நாளின் நிலைக்கே திருப்ப அது உதவும்.

இரண்டாவது, உபுண்டு. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் நிறுவிய கனோனிக்கல் நிறுவனம் இதனைப் பேணுகிறது. இதனைத் தேர்வோர் ‘எல்.டி.எஸ்.’ என்று குறிக்கப்பட்ட பதிப்பையே எடுத்தல் வேண்டும். இரட்டைப்படை ஆண்டுகளில் ஏப்ரல் திங்களில் வெளிவரும் அப்பதிப்புகளுக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. இடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருபவற்றுக்கு ஒன்பது மாத ஆதரவே உண்டு. அவை குடும்பக் கணிப்பொறிக்கு உகந்தவை அல்ல.  உபுண்டுவின் வழக்கமான பதிப்புக்கு 8 ஜி.பி. ரேம் இருந்தால் நலம்.

மூன்றாவது, டெபியன். அடிக்கடி மாற்றம் விரும்பாதவர்களுக்கு இதுவே ஏற்றது. 2025 ஆகஸ்டில் அதன் 13-ஆம் பதிப்பு வெளிவந்தது. மூன்றாண்டு முழு ஆதரவும், அதன்பின் ஈராண்டு நீட்டித்த ஆதரவும் உண்டு. தொடக்கத்தில் சிலவற்றை நாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வீட்டில் அறிந்த ஒருவர் இருந்தால் அது தடையாகாது.

நம் மாநிலத்தோடு தொடர்புடைய ஒன்றையும் குறிப்பிட வேண்டும். மைய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் ‘பாஸ்’ என்னும் இந்திய வழங்கலை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவருக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இடம்பெற்றிருந்தது. ஆகவே லினக்ஸ் நம் இல்லங்களுக்கு முற்றிலும் புதியதன்று. திறந்து பார்க்காமல் விட்டவரே மிகுதி.

மாறுவதற்கு முன் சோதித்தறிக

பழைய இயங்குதளத்தை அழிக்காமலே லினக்ஸைச் சோதிக்கும் வழி உண்டு. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் வழங்கலின் கோப்பை ‘ரூஃபஸ்’ அல்லது ‘எட்சர்’ கொண்டு எழுதி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கலாம். கோப்பை அந்தந்த வழங்கலின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டுமே இறக்குக. பென் டிரைவிலிருந்து இயங்குவதால் சற்று மெதுவாகவே தோன்றும்; அது குற்றமன்று. அந்நிலையில் வை-ஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் ஆகிய நான்கையும் சோதியுங்கள். பிரிண்டர்களில் பல தாமாகவே இயங்கும். சில வகை லேசர் பிரிண்டர்கள் தொல்லை தருவதுண்டு. வாங்கிய பொருள் இயங்காது என்பதை மாறிய பின் அறிவதைவிட முன்னரே அறிவது நன்று.

செயலிகளில், லிப்ரே ஆஃபிஸ் வழக்கமான கடிதம், கணக்கு, பாடத்தாள் ஆகியவற்றுக்குப் போதும். வேர்டு, எக்செல் கோப்புகளையும் திறக்கும். சிக்கலான பக்க அமைப்புகள் மட்டும் சற்றுக் கலையலாம். ஆனால் டேலி, ஃபோட்டோஷாப் போன்றவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. அவற்றை நம்பித் தொழில் செய்வோர், மாற்று என்ன என்று தீர்மானித்த பின்னரே மாற வேண்டும்.

தமிழில் தட்டச்சுச் செய்ய ‘ஐ-பஸ்’ என்னும் அமைப்பில் தமிழ்99 விசைப்பலகையையோ ஒலிபெயர்ப்பு விசைப்பலகையையோ சேர்த்துக்கொள்ளலாம். இதில் நம் பங்கு அலுவலகங்களும் அன்பியங்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம் எனினும், ஆவணங்களைப் படிப்படியாக யுனிகோடுக்கு மாற்றிவிடுவதே நிலையான தீர்வு.

எல்லாவற்றுக்கும் முன்பாக, கணிப்பொறியில் உள்ள படங்கள், கணக்குகள், ஆவணங்கள் அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். நிறுவும்போது ஒரு தவறான தேர்வு முழு டிஸ்க்கையும் துடைத்துவிடக்கூடும்.

வாக்கு மாறிய கதை

வழங்கலைத் தேர்வதில் புதுமையைக் காட்டிலும் நம்பகத்தன்மையே முதன்மையானது என்பதற்கு அண்மைக் கால வரலாறு ஒன்று சான்று பகர்கிறது.

ரெட் ஹேட் நிறுவனத்தின் வணிகப் பதிப்புக்குச் சந்தா செலுத்த வேண்டும். அதற்கு இணையானதைக் கட்டணமின்றி அளிக்க 2004-இல் ‘சென்ட் ஓ.எஸ்.’ என்னும் வழங்கல் பிறந்தது. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் சிறு நிறுவனங்களும் தம் சர்வர்களை அதன்மேல் அமைத்தன. 2014-இல் ரெட் ஹேட் நிறுவனமே அத்திட்டத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2019-இல் ஐ.பி.எம். நிறுவனம் ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு வெளிவந்த சென்ட் ஓ.எஸ். 8-க்கு 2029-வரை ஆதரவு உண்டு என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 2020 டிசம்பர் 8-ஆம் நாள், அது 2021 இறுதியோடு முடிந்துவிடும் என்று அறிவிக்கப்பட்டது. ஒன்பது ஆண்டு உறுதி ஓராண்டாகச் சுருங்கிற்று. அதனை நம்பிப் புதிதாகச் சர்வர் அமைத்தவர்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்து வேலை செய்ய நேர்ந்தது.

அந்த வெற்றிடத்தை நிரப்ப 2021 மார்ச்சில் அல்மா லினக்ஸும், ஜூனில் ராக்கி லினக்ஸும் வெளிவந்தன. ராக்கியைத் தொடங்கிய கிரெகரி கர்ட்ஸர், சென்ட் ஓ.எஸ். தோற்றத்தில் பங்குகொண்டவர். மறைந்த தம் உடன் நிறுவனர் ராக்கி மெக்காவின் நினைவாகவே அப்பெயரை வைத்தார்.

இவ்வரலாறு நமக்கு மூன்று கேள்விகளைக் கற்பிக்கிறது. இந்த வழங்கலை யார் பேணுகின்றனர்? எந்த ஆண்டுவரை பேணுவதாகச் சொல்கின்றனர்? அக்காலம் முடிந்தபின் அடுத்த பதிப்புக்கு அழிக்காமல் செல்ல வழி உண்டா? டெபியனை எந்த வணிக நிறுவனமும் உடைமையாகக் கொள்ளவில்லை. 1997-இல் எழுதிக்கொண்ட சமூக ஒப்பந்தத்தின்படி, தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்து அதனை நடத்திவருகின்றனர். கோபுரம் கட்டப் புறப்படுபவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் உவமை சொன்னார். கட்டத் தொடங்கும் நிலம் எத்தனை ஆண்டு நம்முடையது என்பதும் அக்கணக்கில் சேர்ந்ததே.

சர்வர்ப் பயிற்சிக்கு

இனி மகனுக்குரிய பகுதி. வீட்டுக் கணிப்பொறியில் மின்ட் நிறுவிய பின், அதன்மேல் ‘வர்ச்சுவல் பாக்ஸ்’ என்னும் செயலியை நிறுவலாம். அது கணிப்பொறிக்குள் இன்னொரு மெய்நிகர் கணிப்பொறியைப் படைக்கும். உள்ளே எதைக் கெடுத்தாலும், கெடுவது ஒரு கோப்பு மட்டுமே; தாயாரின் கணக்கு பத்திரமாக இருக்கும். மெய்நிகர் கணிப்பொறியின் நிலையை அவ்வப்போது பதிந்துவைத்துக்கொண்டால், சில நொடிகளில் பழைய நிலைக்குத் திரும்பலாம். இதற்கு வீட்டுக் கணிப்பொறியில் 8 ஜி.பி. ரேம் இருத்தல் நலம். 4 ஜி.பி. மட்டுமே உள்ளவர்கள் கூடுதல் ரேம் வாங்கிப் பொருத்தலாம். கையில் இன்னும் சிறிது பணம் இருப்பின் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடலாம். புதிய கணிப்பொறியின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதியை இயக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவிற்கொள்க.

முதற்பயிற்சிக்கு டெபியனையோ உபுண்டு சர்வரையோ தேர்க. நிறுவும்போது திரையமைப்பைச் சேர்க்காமல் கட்டளை வரியை மட்டும் நிறுவுக. 1 ஜி.பி. ரேமும் 10 ஜி.பி. இடமும் டெபியனுக்குப் போதும். அதன்பின் வரிசையாகச் செய்யத்தக்கவை இவை:

முதலாவது, பயனாளர்களை உருவாக்கி, யார் எக்கோப்பைப் படிக்கலாம், எழுதலாம் என்னும் அனுமதிகளைப் பழகுக. முழு அதிகாரமுள்ள ‘ரூட்’ கணக்கில் அன்றாட வேலை செய்யும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே தவிர்க்க.

இரண்டாவது, எஸ்.எஸ்.எச். வழியாக வெளியிலிருந்து உள்ளே நுழைக. மறைசொல்லுக்குப் பதில் திறவுகோல் கோப்பைப் பயன்படுத்தப் பழகுக.

மூன்றாவது, அப்பாச்சி அல்லது என்ஜின்-எக்ஸ் நிறுவி ஒரு வலைப்பக்கம் வழங்குக. பங்கின் திருப்பலி நேரங்களைக் காட்டும் எளிய பக்கமே போதும்.

நான்காவது, மரியா டி.பி. போன்ற ஒரு தரவுத்தளத்தை நிறுவி, அந்தப் பக்கத்தோடு இணைக்க.

ஐந்தாவது, ஃபயர்வால் அமைத்து, தேவையான வாயில்களைத் தவிர ஏனையவற்றை அடைக்க. எஸ்.எஸ்.எச்.-க்கு 22, வலைப்பக்கத்துக்கு 80, 443 என்பன வழக்கமான வாயில்கள்.

ஆறாவது, காப்பு நகல் எடுக்க. பின் வேண்டுமென்றே அனைத்தையும் அழித்து, அந்நகலிலிருந்து மீட்க. இப்பயிற்சியைச் செய்யாதவர் சர்வர் கற்றவர் ஆகமாட்டார். நகல் எடுத்தோர் பலர். அதனை மீட்டுப் பார்த்தோர் சிலரே.

இவை கைவந்தபின், இதே ஆறையும் அல்மா அல்லது ராக்கியில் மீண்டும் செய்க. நிறுவும் கட்டளை அங்கே ‘ஆப்ட்’ அன்று, ‘டி.என்.எஃப்.’ என்றிருக்கும். டெபியனில் ‘அப்பாச்சி2’ எனப்படுவது அங்கே ‘எச்.டி.டி.பி.டி.’ எனப்படும். ‘எஸ்.ஈ.லினக்ஸ்’ என்னும் கண்டிப்பான காவலர் அங்கே உண்டு. அது தடுக்கிறதென்று உடனே அதை அணைத்துவிடுவது மாணவர் வழக்கம்; ஏன் தடுக்கிறது என்று பதிவுக் கோப்புகளைப் படித்தறிவதே கல்வி. நிறுவனங்கள் பலவற்றில் ரெட் ஹேட் வழியிலான சர்வர்களே இருப்பதால், இரு குடும்பங்களும் தெரிந்திருத்தல் வேலைக்கு உதவும். ரெட் ஹேட்டின் ‘ஆர்.எச்.சி.எஸ்.ஏ.’ தேர்வு எழுத்துத் தேர்வு அன்று. இயங்கும் கணிப்பொறியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். மேற்கூறிய பயிற்சி அதற்கும் அடித்தளமாகும்.

பழைய கணிப்பொறி உள்ளோருக்கு ஓர் எச்சரிக்கை: இக்குடும்பத்தின் 10-ஆம் பதிப்பு சற்றுப் புதிய பிராசசர்களையே ஏற்கும். ராக்கி 10 மிகப் பழையவற்றில் இயங்காது. அல்மா 10 அவற்றுக்கெனத் தனிப் பதிப்பு தருகிறது. 9-ஆம் பதிப்புக்கே 2032-வரை ஆதரவு இருப்பதால், பயிற்சிக்கு அதுவே போதும்.

செய்த ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பேட்டில் கையால் எழுதிவைக்கும் பழக்கம் நன்று: இன்று என்ன மாற்றினேன், எதனால் கெட்டது, எவ்வாறு சரியாயிற்று என்று. ஆறு மாதத்தில் அந்தக் குறிப்பேடே சிறந்த பாடநூலாகிவிடும்.

இளைஞர் விரும்பும் வேறு சில

‘ஆர்ச்’ என்னும் வழங்கலை இளைஞர் பெரிதும் பேசுவர். அதற்குப் பதிப்பு எண்ணே இல்லை. நாள்தோறும் புதுப்பிப்பு வந்துகொண்டே இருக்கும். கற்க நல்லது, ஆனால் மெய்நிகர் கணிப்பொறிக்குள் இருக்கட்டும். ஃபெடோரா தரமானதே, எனினும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவே உண்டென்பதால் ஆண்டுதோறும் மாற்ற வேண்டிவரும்.

‘காலி’ என்பது கணிப்பொறிப் பாதுகாப்பைச் சோதிக்கும் வல்லுநர்களுக்காக ஆக்கப்பட்டது. அதனை அன்றாட வீட்டுப் பயனுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று அதனை ஆக்கியோரே கூறுகின்றனர். அதிலுள்ள கருவிகளை இசைவின்றிப் பிறர் கணிப்பொறியிலோ அயலார் வை-ஃபையிலோ பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்; மனச்சான்றின்படி பூட்டிய வீட்டைத் திறந்து பார்ப்பதற்கு ஒப்பு. பெற்றோர் இதனை வெளிப்படையாகப் பேசிவிடுவது நலம்.

வீட்டிலும் பங்கிலும்

ஒரே கணிப்பொறியாயினும், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனி மறைசொல்லும் இருக்கட்டும். மாதம் ஒரு நாளைக் குறித்து, கணக்குகளையும் படங்களையும் வெளி டிஸ்க்கில் நகலெடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்துக. பிள்ளைகளையே அதற்குப் பொறுப்பாக்கலாம்.

பங்கு அலுவலகங்களில் மாற்றம் செய்வோர் மேலும் விழிப்பாக இருத்தல் வேண்டும். திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகளைப் பங்கு பேண வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் விதி. கணிப்பொறியில் ஏற்றிய பட்டியல் தேடுவதற்குத் துணையே. கையால் எழுதிக் கையொப்பமிட்ட ஏட்டின் இடத்தை அது பெறாது. அப்பட்டியலிலும் மக்களின் குடும்பச் செய்திகள் இருப்பதால், பயிற்சி பெறும் மாணவர் எவரும் அதனைச் சோதனைக்களமாக்குதல் ஆகாது.

வேறொன்றையும் எண்ணிப் பார்ப்போம். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடலில், பயன்படுத்தி எறிந்துவிடும் பழக்கத்தைக் கண்டித்தார். ஓடக்கூடிய ஒரு கணிப்பொறியை மேலும் ஐந்தாண்டு ஓட வைப்பது நமக்குச் சிக்கனம். அடுத்த தலைமுறைக்குக் குப்பை குறைவு.

2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை 14-ஆம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அக்குத்திஸ், லினக்ஸ் பிறந்த அதே 1991-இல் பிறந்தவர். 15 வயதே வாழ்ந்த அவ்விளைஞர் கணிப்பொறி நிரலாக்கத்தைத் தாமே கற்று, நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து உலகறியச் செய்தார். கற்ற கலையைப் பிறர் நலனுக்காகச் செலவிடும் பிள்ளைகள் எந்த வழங்கலைக் கற்றாலும் குடும்பத்துக்கும் திருச்சபைக்கும் பயன்படுவர்.

முடிவாக, மடல் எழுதிய அன்பருக்கு: வீட்டுக்கு லினக்ஸ் மின்ட்டை நிறுவுங்கள், முதலில் பென் டிரைவில் ஒரு வாரம் சோதியுங்கள். பயிற்சிக்கு மெய்நிகர் கணிப்பொறியில் டெபியன். பின்னர் அல்மா அல்லது ராக்கி. பொறுப்பை மகனிடமே ஒப்படையுங்கள். தாயார் காலையில் அமரும்போது கணக்கு முன்னிருந்தபடியே திறக்க வேண்டும் என்பது அவனுக்கு முதல் விதியாக இருக்கட்டும். பிறர் நம்பியிருக்கும் ஒன்றை இரவும் பகலும் தடையின்றிக் காப்பதுதான் சர்வர் பராமரிப்பவரின் தொழில். அதன் முதற்பாடத்தை அவன் தன் வீட்டிலேயே கற்றுவிடுவான்.

மற்றொரு மடலுடன் அடுத்த திங்கள் சந்திப்போம்.